நடுவிலே ஒரு மூச்சு

மூக்கில் கிளிப் மாட்டிவிட்டால் ஆள் பேச்சை நிறுத்திவிடுவான் என்று இந்தப் பெண்ணுக்கு யாரோ தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். துணி காயப்போடுகிற கிளிப்பின் கூடப்பிறந்தது ஒன்று, நுனியில் மெத்தென்று பஞ்சு வைத்தது, அது பாட்டுக்கு என் மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, என் வாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, சத்தம்தான் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. ஜலதோஷம் பிடித்த யானை பேசினால் இப்படித்தான் பேசும், நான் கேட்டிருக்கிறேன் என்றேன். பெனிட்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி அதை மறைத்துக்கொண்டு, "தாத்தா, குழாயை வாயில வச்சு, உதட்டை நல்லா இறுக்கிக்கிட்டு, முடிஞ்ச மட்டும் உள்ள இழுங்க" என்றாள். தாத்தாவாம். ஐயா என்று கூப்பிடலாம், சார் என்று கூப்பிட்டால்கூடக் குறைந்துபோகாது, மில்லில் ஐயர் மானேஜரே என்னைக் கொம்பையா சார் என்றுதான் கூப்பிட்டார் என்று இவளிடம் ஒருநாள் சொல்லவேண்டும், அது நடக்கவில்லை என்றாலும் சொல்லவேண்டும். குழாயின் அந்தப் பக்கம் அடைத்திருக்கிறது. அடைத்த குழாயில் எதை இழுக்க? அடிக்குழாயில் தண்ணீர் வற்றிய மாசத்தில் அடிக்கிற மாதிரி, உள்ளே ஒன்றும் வராது, ஆனாலும் இழுக்கவேண்டும், எத்தனை பலமாக இழுக்கிறேன் என்பதுதான் கணக்காம். இழுத்தேன். கன்னம் குழிந்து, கழுத்தில் நரம்பு கயிறு கயிறாய் எழும்பி, விலா எலும்பெல்லாம் யாரோ உள்ளே கூப்பிட்ட மாதிரி ஒடுங்கியது. "சூப்பர் தாத்தா" என்றாள். மூச்சு வாங்குவதற்கென்று தனியாகச் சதை இருக்கிறதாம், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் குடையை விரித்து வைத்த மாதிரி ஒன்று, விலாவுக்கு இடையில் கொஞ்சம், கழுத்தில் கொஞ்சம். கால் களைத்துப்போகிற மாதிரி அந்தச் சதையும் களைத்துப்போகுமாம். கடுமையாக சைக்கிள் மிதித்த பிறகு அது எவ்வளவு களைக்கிறது என்று பார்க்கத்தான் முதலில் ஓர் இழுப்பு, மிதித்து முடித்ததும் ஓர் இழுப்பு. பழைய விளையாட்டுக்காரர்களை ஒவ்வொருவராக இந்த ஆஸ்பத்திரிக் காலேஜுக்குக் கூப்பிட்டு இழுக்கவிட்டுப் பார்க்கிறாள், அவள் படிப்புக்கு அது வேண்டும். எனக்கு வேண்டியது வேறே. எனக்கு வேண்டியது கதவுக்கு வெளியே பெஞ்சில், மடியில் ஒயர்கூடையோடு உட்கார்ந்திருக்கிறது, பெயர் சண்முகக்கனி, என் வீட்டுக்காரி. "அந்தப் பொண்ணு போகலாம்னு சொன்னா பொங்கலுக்கு ஆடப் போங்க. சொல்லலைன்னா வீட்டுல கிடங்க. அவ சொன்னதா நீங்க வந்து கதை விடக்கூடாது, ஆமா" என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள். நான் கதை விட்டால் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. ஊரே வாயைப் பிளந்து கேட்கிற கதையை அவள் மட்டும் வெங்காயம் உரித்துக்கொண்டே, "சரி சரி, பொய்" என்பாள், தலையைக்கூடத் தூக்கமாட்டாள். முகத்தைப் பார்க்காமலே எப்படிக் கண்டுபிடிக்கிறாளோ, கல்யாணமான நாளிலிருந்து யோசிக்கிறேன், பிடிபடவில்லை.

சைக்கிள் என்கிறார்கள், இது எங்கே போகும்? முன்சக்கரம் இல்லை, பின்சக்கரம் இல்லை, மணி இல்லை, கேரியர் இல்லை, நடுவில் ஒரு தடித்த பூசணிக்காயும் இரண்டு மிதியும். நெஞ்சில் ஒயர்களை ஒட்டியிருக்கிறாள், நேற்றே இதயத்து டாக்டர் தட்டிப் பார்த்து ஓடும் என்று சொல்லியிருந்தார், இப்போது முகத்தில் ஒரு முகமூடி, அதன் குழாய் பெட்டிக்குப் போகிறது, பெட்டியிலிருந்து திரைக்குப் போகிறது, திரையில் என் மூச்சு ஏறி இறங்கி ஏறி இறங்கிக் கடல் மாதிரி போகிறது. அழகாகத்தான் இருக்கிறது. நம்முடைய மூச்சை நாமே பார்ப்பது, நம்முடைய முதுகை நாமே பார்க்கிற மாதிரி, கொஞ்சம் கூச்சம். மிதி லேசாகப் போகிறது. இப்படியே விட்டால் தூத்துக்குடி வரை போய்விடுவேன், மக்ரூன் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். பெனிட்டா கேட்கிறாள், "நீங்க பெரிய கபடி ஆட்டக்காரராமே தாத்தா, எவ்வளவு நேரம் மூச்சு விடாம பாடுவீங்க?" கபடி என்று இப்போது சொல்கிறார்கள், எங்களுக்குச் சடுகுடு. சடுகுடு சடுகுடு என்று ஒரே மூச்சில் பாடிக்கொண்டு எதிரணிக்குள் போகவேண்டும், ஆளைத் தொடவேண்டும், பாட்டு நிற்பதற்குள் நடுக்கோட்டுக்குத் திரும்பவேண்டும், இடையில் ஒரு மூச்சு உள்ளே இழுத்தாயோ, நீ அவுட். இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? முகமூடிக்குள்ளிருந்தே ஆரம்பித்தேன், ஒருதடவை சங்கரன்கோயில் பக்கம் பாடப்போனவன் ஏழு பேரையும் தொட்டுவிட்டுத் திரும்பி வந்த பிறகும் பாட்டு நிற்காமல் போய் நடுவர் ஊதி ஊதிப் பார்த்து விசில் உடைந்து ஆட்டம் முடிந்து ஆட்கள் கலைந்து பஸ்ஸில் ஏறியும் நான் பாடிக்கொண்டே வந்து கண்டக்டர் டிக்கெட் கேட்டதற்கும் சடுகுடு என்றே சொல்லி வீட்டுக்கு வந்து கை கழுவிச் சோறு தின்று என்பதற்குள் பெனிட்டா குறுக்கே வந்தாள். "ஒரு நிமிஷம், சாப்பிட்டுக்கிட்டே எப்படித் தாத்தா பாடினீங்க?" "மூக்கால. அப்ப நீ கிளிப் மாட்டலைல்லா." அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள், திரையில் பார்த்தால் என் மூச்சுக் கோடு ஒரு குதி குதித்திருக்கிறது, "பேசாதீங்க, கணக்குக் கெட்டுப்போகுது" என்று செல்லமாக அதட்டிவிட்டு ஒரு பொத்தானை அமுக்கினாள். மிதி கனத்தது.

கனத்தால் என்ன, தவசிக்கண்ணுவின் வாயைவிடவா கனம்? டீக்கடையில் எல்லோரும் இருக்கும்போதுதான் அவனுக்கு வாய் வரும். "ஏலே கொம்பையா, வயசானவங்க ஆட்டத்துல நீயும் பேரு குடுத்திருக்கியாமே. கோட்டைக் கொஞ்சம் இழுத்துப் பக்கத்துல போடச் சொல்லட்டா?" கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பொங்கலுக்கு மறுநாள் பள்ளிக்கூடத்து மைதானத்தில் கிழடுகளுக்கென்று ஓர் ஆட்டம், ஆளுக்கு ஒரு தடவை பாடிப் போய்வரலாம், தொட்டாலும் சரி தொடாவிட்டாலும் சரி, சும்மா ஒரு கொண்டாட்டம், முடிந்ததும் கரும்பு கொடுப்பார்கள். எதிர்ப்பக்கம் தவசி நிற்பான். அன்றைக்கு நின்ற அதே மைதானம், அதே கோடு. அன்றைக்கு என்று சொல்லும்போதே இடது கெண்டைக்கால் இறுகுகிறது பார், அதற்கு ஞாபகம் என்னைவிட ஜாஸ்தி. எங்கள் மில் டீமுக்கும் தவசியின் ஊர் டீமுக்கும் கடைசி ஆட்டம், கடைசிப் பாட்டு என்னுடையது, ஓடி ஓடி ஆடிக் களைத்த சாயங்காலம், போனேன், தொட்டேன், தவசியையேதான் தொட்டேன், தோள்பட்டையில், வேர்வையில் கை வழுக்கியது இன்னும் விரலில் இருக்கிறது, திரும்பினேன், என்னை ஒருத்தனும் பிடிக்கவில்லை, எனக்கும் கோட்டுக்கும் நடுவில் வெறும் மண், பாட்டு இருக்கிறது, நெஞ்சில் மிச்சம் இருக்கிறது, கால் நின்றுவிட்டது. நின்றே விட்டது. இரண்டும் உலக்கையாகி, கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் குப்புற விழுந்து, கையை நீட்டினால் தொட்டுவிடலாம், கையை நீட்டுவதற்குள் தவசி முதுகில் வந்து உட்கார்ந்துவிட்டான். ஏன் நின்றது? எல்லோரும் கேட்டார்கள். மில்லில் கேட்டவர்களிடம் மண்ணுக்குள் கடலைத்தோலைப் பரப்பி வைத்திருந்தார்கள் என்றேன். மாமனார் வீட்டில் சாரைப்பாம்பு குறுக்கே போனது, மிதித்தால் பாவம் என்று நின்றேன் என்றேன். பேரன் கேட்டபோது ரயில் போன அதிர்வில் பூமி ஒரு சாண் அந்தப்பக்கம் நகர்ந்துவிட்டது என்றேன், அவன் ஒருத்தன்தான் கொஞ்சம் யோசித்துவிட்டு இருக்கலாம் என்றான். எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது, பொய்யாவது சொல்லலாமே. பயந்துட்டான் என்று சிலபேர் சொன்னதுதான் உறைத்தது, ஏனென்றால் ராத்திரி படுத்தால் நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டேன், கொம்பையா, பயந்துட்டியாடா என்று.

"தாத்தா!" என்ன? "மூச்சு விடுங்க தாத்தா! மூச்சைப் பிடிக்காதீங்க!" திரையைப் பார்த்தால் கடல் இல்லை, அலை இல்லை, நேர்கோடு, தண்டவாளம் போட்ட மாதிரி. நானா பிடித்தேன்? வாய் என்னவோ செய்துகொண்டிருக்கிறது, முகமூடிக்குள் உதடு துடிக்கிறது, சடுகுடு சடுகுடு சடுகுடு, ஐயோ, நான் பாடிக்கொண்டிருக்கிறேன். பாடுகிறேன் என்று எனக்கே தெரியாமல் பாடுகிறேன். மூச்சை விட்டேன், அது வெளியே போன வேகத்தில் முகமூடிக்குள் ஆவி படர்ந்தது. பெனிட்டா பக்கத்தில் வந்து நிற்கிறாள், சிரிப்பெல்லாம் போய்விட்டது, விரல் சிவப்புப் பொத்தானின் மேல் இருக்கிறது. "எதுக்குப் பிடிச்சீங்க? தலை சுத்துதா? நெஞ்சு வலிக்குதா?" இல்லை என்று தலையாட்டினேன். "இன்னொரு தடவை பிடிச்சா நிறுத்திடுவேன். நிறுத்தினா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. ஆடலாம்னும் சொல்லமாட்டேன், ஆடக்கூடாதுன்னும் சொல்லமாட்டேன்." ஒன்றும் சொல்லாவிட்டால் ஆடக்கூடாது என்றுதான் அர்த்தம், வெளியே பெஞ்சில் இருக்கிறவளுக்கு வேறே அர்த்தம் தெரியாது. சரிம்மா சரிம்மா என்று கையைக் காட்டினேன். எப்படிச் சொல்வது இந்தப் பெண்ணிடம், கஷ்டம் வந்தால் மூச்சை உள்ளே இழுக்காதே என்றுதானே இந்த உடம்பைப் பழக்கியிருக்கிறேன். நெஞ்சு எரிகிறதா, இழுக்காதே. கண் இருட்டுகிறதா, இழுக்காதே. எதிராளி கணுக்காலைப் பிடித்துவிட்டானா, அப்போதுதான் இழுக்கவே கூடாது. மற்றவர்களுக்கெல்லாம் மூச்சு வாங்கினால் உயிர், எனக்கு மூச்சு வாங்கினால் அவுட். மறுபடி பொத்தான். மறுபடி கனம். இப்போது மிதி மிதியாக இல்லை, சேற்றில் காலை விட்டு விட்டு எடுக்கிற மாதிரி. இழு. கொம்பையா, இழு, ஒருத்தனும் விசில் ஊதமாட்டான். இழுத்தேன். அந்த முதல் மூச்சு உள்ளே போகும்போது எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது, எல்லோர் முன்னாலும் வேட்டி அவிழ்ந்த மாதிரி. அடுத்தது அவ்வளவு வெட்கமில்லை. அதற்கடுத்தது, சொன்னால் நம்பமாட்டீர்கள், ருசியாக இருந்தது.

ஆனால் போன மாசம் ருசியாக இல்லை. ரயில்வே மேம்பாலத்துப் படியில் நானும் கனியும் ஏறினோம், கீழே ரயில் வந்துவிட்டது, ஓடினால் பிடித்துவிடலாம் என்று நான்தான் அவள் கையிலிருந்த பையையும் பிடுங்கிக்கொண்டு ஓடினேன், பாதிப் படியில் நெஞ்சு பூட்டிக்கொண்டது. உட்கார்ந்துவிட்டேன். வலி இல்லை, மூச்சுதான், வாங்கவும் முடியவில்லை விடவும் முடியவில்லை, உள்ளே ஒரு கதவு இடுக்கிக்கொண்ட மாதிரி. கனி பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்யுது என்ன செய்யுது என்று கேட்கிறாள், நான் வாயைத் திறக்கிறேன், ஒன்றும் வரவில்லை. ரயில் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது, எழுந்ததும், இந்த ரயில் வேண்டாம், டிரைவர் புதுசு, வளைவில் கவிழ்த்துவிடுவான் என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பொய் என்றுகூடச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து விளக்கேற்றிவிட்டு, "நீங்க மூச்சு வாங்கினது எனக்குப் பயமில்லை. பேசாம இருந்தீயள்ளா, அதுதான். கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து நீங்க வாயத் தொறந்து பேச்சு வராம இருந்ததை நான் பாத்ததே இல்லை" என்றாள். அதன் பிறகு தினமும் ராத்திரி என் நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள், கனமான கை, வாழ்நாளெல்லாம் ஆட்டுரலில் அரைத்த கை, அந்தக் கனத்திலேயே மூச்சு முட்டும், எடுத்துவிடலாம் என்று நினைப்பேன், எடுக்கமாட்டேன். அவளுக்கு அந்த ஆட்டத்தைப் பற்றி ஒன்றுமில்லை. கோடு, சாண், தவசி, எதுவும் கிடையாது. நான் பேசிக்கொண்டிருக்கவேண்டும், அவள் பொய் என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்பது. ஆனால் எனக்கு அந்த ஒரு சாண் வேண்டும், கனி. செத்துப்போன பிறகு யாராவது கேட்டால் என்ன சொல்வாய், பாம்பு என்பாயா, கடலைத்தோல் என்பாயா? ஒரே ஒருதடவை அந்தக் கோட்டை நானாகத் தாண்டிவிட்டு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து கரும்பு கடிக்கவேண்டும். பல் இருக்கிறதா என்று கேட்காதே.

"இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், கடைசி!" என்று பெனிட்டா கத்துகிறாள், சாந்தமான பெண்ணுக்குள் இப்படி ஒரு குரல் இருக்கிறது, மைதானத்தில் விளிம்பில் நின்று கத்துகிற குரல். தொடை எரிகிறது. நெஞ்சு துருத்தி மாதிரி அடிக்கிறது, தோள் ஏறி ஏறி இறங்குகிறது, கழுத்துக்கூட வேலை செய்கிறது, கழுத்துக்கு இதில் என்ன வேலை என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது. திடீரென்று, இதோ, இதோ அதேதான், கால் உலக்கையாகிறது. இரண்டும். நெஞ்சில் இன்னும் மிச்சமிருக்கிறது, மனசில் இன்னும் மிச்சமிருக்கிறது, கால் மட்டும் என்னுடையது இல்லை என்கிறது. இங்கே தவசி இல்லை. எனக்குப் பயமும் இல்லை, எதற்குப் பயப்பட, பூசணிக்காயைப் பார்த்தா? பயமே இல்லாமல் நிற்கிறதே! இதைத்தான் நான் கத்தினேன் போலிருக்கிறது, "பயமே இல்லம்மா, ஆனா நிக்குது!" என்று, அவள் என்னவோ ஏதோவென்று பொத்தானை அமுக்கிவிட்டாள். மிதி லேசானது. முகமூடியை எடுத்தாள், மறுபடி கிளிப், மறுபடி குழாய், "இழுங்க, இழுங்க, விடாதீங்க" என்றாள். இழுத்தேன். கன்னம் குழிந்தது. ஆனால் அந்தக் குடை, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற குடை, நனைந்த குடை மாதிரி தொங்கியது. இன்னொரு தடவை இழுக்கச் சொன்னாள். அதுவும் அப்படித்தான். திரையில் முன்னால் இழுத்தது ஒரு மலை, இப்போது இழுத்தது பக்கத்தில் ஒரு கரையான் புற்று. போச்சு, கரும்பு போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

"களைச்சிருச்சு" என்றாள், ஆனால் சந்தோஷமாகச் சொன்னாள். "இப்படி மிதிச்சா யாருக்கும் களைக்கும் தாத்தா. காலேஜ்ல ஓடுற பசங்களுக்கே இறங்குது. உங்க வயசுக்கு இது ரொம்ப நல்லாவே இருக்கு." பிறகு என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கால் நிக்குதுன்னு சொன்னீங்களே அது என்ன என்று கேட்டாள். எப்போதும் இல்லாத வழக்கமாக, ஒன்றும் சேர்க்காமல் சொன்னேன். மைதானம், தோள்பட்டை, உலக்கை, ஒரு சாண். அவள் கண் விரிந்தது. ரொம்பக் கடுமையாக உடம்பை வருத்தினால் மூச்சுச் சதைக்கு ரத்தம் போதாமல் போகுமாம். போதாதபோது அது உள்ளுக்குள் ஒரு தகவல் அனுப்புமாம், உடனே காலுக்குப் போகிற ரத்தக்குழாய் சுருங்குமாம், காலுக்குப் போகவேண்டியதில் ஒரு பங்கு நெஞ்சுக்குத் திரும்புமாம். உடம்புக்குக் கால் முக்கியமில்லை, மூச்சுதான் முக்கியம். "நீங்க அப்ப ஆடி ஆடிக் களைச்சிருப்பீங்க, அதுக்கு மேல மூச்சையும் பிடிச்சுப் பாடியிருக்கீங்க. உங்க கால் உங்களைக் கைவிடலை தாத்தா. உங்க மூச்சு கால்லேருந்து எடுத்துக்கிட்டிருக்கும். அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல நான் அன்னைக்கு அங்க இல்லை. ஆனா அப்படித்தான் இருக்கணும்." என் நெஞ்சே என் காலிலிருந்து திருடியிருக்கிறது! இத்தனை வருஷம் பாம்பையும் கடலைத்தோலையும் குற்றம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், திருடன் சட்டைக்குள்ளேயே இருந்திருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. மூச்சு வாங்க வாங்கச் சிரித்தேன். எத்தனை புளுகு புளுகியிருக்கிறேன், இவ்வளவு நல்ல புளுகு ஒன்று எனக்குத் தோன்றவே இல்லையே! "அப்ப ஆடலாமா?" என்றேன். "ஒரே ஒரு தடவை பாடிட்டு வாங்க. ஆனா நெஞ்சுல பாதி இருக்கும்போதே திரும்பிடணும். தொடணும்னு நிக்கக்கூடாது. அதுவரைக்கும் வாரம் ஒருநாள் இங்க வந்து மூச்சுச் சதைக்குப் பயிற்சி எடுக்கணும். பாலத்துப் படியில உக்காந்துட்டீங்கன்னு பாட்டி சொன்னாங்கல்ல, அதுக்கும் அதுதான் நல்லது. நானே பாட்டிகிட்ட சொல்றேன்." அதற்குள் யாரோ வந்து மேடம் கூப்பிடுறாங்க, கிளாஸ் ஆரம்பிச்சாச்சு என்றார்கள், அவள் ஒயர்களைப் பிய்த்துவிட்டு, "நீங்களே சொல்லிடுங்க தாத்தா" என்று ஓடிவிட்டாள். நானே சொல்லவேண்டுமாம். உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, கனியிடம், நானே.

கனி கூடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "என்ன சொன்னா?" போகலாம்னு சொன்னா என்று சொன்னால் நம்பமாட்டாள், எனக்குத் தெரியும். நம்புகிற மாதிரி ஒரு சின்னப் பொய் சொல்லலாம், லேசா வாயு, சுக்குக்காப்பி குடிச்சா சரியாப்போகும், ஆடினா வாயு கலையும்னு சொன்னா, இது நம்பும்படியாக இருக்கும், நாக்கு நுனிக்கு வந்தும்விட்டது. உண்மையோ வாயில் வைக்கவே கூச்சமாக இருக்கிறது, நெஞ்சு காலில் திருடியது என்று எந்த மனுஷன் சொல்வான்? ஆனால் இந்தப் பொய்யை வைத்துக்கொண்டு அந்தக் கோட்டைத் தாண்டினால் அது தாண்டினதாக ஆகுமா? சொன்னேன். "போகலாம்னு சொன்னா, கனி. ஒரே ஒரு தடவை. பாதி மூச்சுல... திரும்பிறணும். அன்னைக்கு நான் விழுந்தேம்லா... அது பயமில்லையாம். நெஞ்சுக்கு ரத்தம் பத்தாம... கால்லேருந்து... எடுத்துக்கிட்டுதாம். நெஞ்சுதான். நானில்லை." சொல்லும்போதே எனக்கே அபத்தமாக இருந்தது. பக்கத்து பெஞ்சில் முழங்கால் வலிக்கு வந்திருந்த ஆச்சி ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். கனி சிரிக்கவில்லை. கதவைப் பார்த்தாள், கதவு சாத்தியிருந்தது. என்னைப் பார்த்தாள். முகத்தையில்லை, நெஞ்சை, சட்டை ஏறி இறங்குவதை. ராத்திரி கை வைக்கிற இடத்தை. "இந்த மாதிரி ஒரு கதையை நீங்க இதுவரைக்கும் விட்டதில்லை" என்றாள். முடிந்தது என்று நினைத்தேன். "சரி, போங்க. ஒரே தடவைதான். நானும் வருவேன், கோட்டுக்குப் பக்கத்துலயே நிப்பேன்." எனக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை, ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "ஏளா, நம்புதியா?" "நம்பாம? பொய்யின்னா நீங்க நடுவுல மூச்சு வாங்கமாட்டீயள்ளா. சடுகுடு பாடுத மாதிரி ஒரே தம்முல சொல்லி முடிப்பீய. எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்து எங்கப்பாட்ட பேசினப்பவே கவனிச்சேன். இன்னைக்குத்தான் நிறுத்தி நிறுத்தி, மூச்சு வாங்கி வாங்கிச் சொல்லுதீய. இது உண்மைதான்."

இவ்வளவுதானா! வெங்காயம் உரித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமலே, காதால் என் மூச்சை அளந்திருக்கிறாள், பெட்டி இல்லை, ஒயர் இல்லை, திரை இல்லை. சைக்கிளிலிருந்து இறங்கி வந்தவன் பொய் சொன்னாலும் மூச்சு வாங்கத்தான் செய்யும் என்பதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் வீட்டில் பேச என்ன இருக்கும்? பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. பாலத்து மேலே போகும்போது ஆற்றுக் காற்று முகத்தில் அடித்தது, நெஞ்சு நிறைய இழுத்தேன், வெட்கமே இல்லை. கால் இரண்டையும் சீட்டுக்கு அடியில் நீட்டிக்கொண்டேன், எடுத்ததை யாரோ திருப்பிக் கொடுக்கிற மாதிரி ஒரு சூடு பாதம் வரை இறங்கியது. கனி கூடையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து உரித்துச் சுளை சுளையாகத் தந்துகொண்டிருந்தாள். நான் வாயைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். "கனி, நான் இழுத்த இழுப்புல அந்தப் பெட்டிக்குள்ள இருந்த மீட்டர் முள்ளு கழண்டு குழாய் வழியா என் வாய்க்குள்ளயே வந்திருச்சு" என்று சொல்லி, அங்கே நிறுத்தினேன். ஆற்றைப் பார்த்தேன். அவசரமே இல்லாமல், தோள் ஏறி இறங்குகிற மாதிரி, அவள் காதில் விழுகிற மாதிரி, நன்றாக ஒரு மூச்சு வாங்கிக்கொண்டேன். கனியின் விரல் ஆரஞ்சுத் தோலில் நின்றது. கல்யாணமான நாளிலிருந்து என் கதைக்கு அவள் ஒருநாளும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"அப்புறம்?"